சின்னவ இருக்கா

மார்ச் மாதம் வந்துவிட்டால் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். இரண்டாம் ஆண்டு முடிக்கும் மாணவர்கள் கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுத்து, சான்றிதழும் அறிக்கையும் கொண்டுவர வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. சுற்றறிக்கையில் ‘உள்ளகப் பயிற்சி’ என்று எழுதுகிறோம். மாணவிகளின் வாயில் அது இன்டர்ன்ஷிப்தான். தாள் ஒட்டிய மறுநாளிலிருந்து அவர்கள் கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “மேம், போனா வொர்த்தா?”

இந்த ‘வொர்த்’துக்கு அவர்கள் வைத்திருக்கும் எதிர்ச்சொல் ‘வெட்டி’. “போன வருசம் சீனியர் அக்கா போய் ரெண்டு மாசம் ஜெராக்ஸ்தான் எடுத்தாங்களாம், வெட்டி மேம்.” சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். அரசுக்கும் ஊருக்கும் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய உடலுழைப்புக்கு வெட்டி என்று பெயர். கூலியில்லாத வேலை என்றிருந்த சொல், இன்று நம் பேச்சில் பயனில்லாத வேலை என்றாகியிருக்கிறது. கரை உயர்ந்த ஏரிக்கும், வாய்க்காலில் தண்ணீர் பெற்ற நிலத்துக்காரருக்கும் அந்த வேலை பயனில்லாததாக இருந்திருக்க வாய்ப்பில்லை. மண் சுமந்தவரின் கணக்கில்தான் அது வெட்டி. ஆகவே, வொர்த்தா என்று ஒரு பெண் கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்பது குதர்க்கமல்ல. அந்தக் கேள்வியைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

கல்லூரி சொல்வதற்கு வெகுகாலம் முன்பே நம் வீட்டுப் பெண்கள் இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். எட்டு வயதில் குடம், பத்து வயதில் துடைப்பம், பன்னிரண்டு வயதில் அடுப்பு. தம்பிக்குத் தட்டு வைப்பது, தாத்தாவுக்கு வெந்நீர் வைப்பது. ஏன் என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்: “நாளைக்குப் போற வீட்ல பேர் வாங்க வேணாமா?” வேலை வாங்குகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. ‘பழகிக்கோ’ என்றுதான் சொல்கிறார்கள். பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்க வாய் வராது; கற்றுக்கொடுத்ததற்கு நன்றிதான் சொல்ல வேண்டியிருக்கும். பயிற்சி முடிந்து ‘நிரந்தரப் பணி’ கிடைத்த பிறகும் சம்பளம் வராத ஒரே வேலை இதுதான் என்பது தனிக் கதை.

2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். ஈடுபடாத ஆண்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். 1975இல் சில்வியா ஃபெடரிச்சி வீட்டுவேலைக்குக் கூலி கேட்டு எழுதியபோது அவர் சுட்டிய முதல் தந்திரம், அந்த உழைப்பு பெண்ணின் இயல்பாக மாற்றப்பட்டிருப்பதைத்தான். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் ஆயிரம் ரூபாய்க்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் மகளிர் உரிமைத்தொகை என்று வைத்திருப்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. தொகை சிறியது; சொல் பெரியது.

‘பயிற்சி’ என்ற சொல்லை வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு எடுத்துப்போனவர்கள் நம் மாநிலத்திலேயே இருந்தார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் இந்த நூலின் வாசகிகளுக்குப் புதிதல்ல. திருமணமாகாத இளம்பெண்களைத் தரகர்கள் மூலம் ஏழை மாவட்டங்களிலிருந்து அழைத்துப் போவார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம், ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி. முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை. பதிவேட்டில் அவர்கள் தொழிலாளர்கள் அல்ல, பயிற்சியாளர்கள், அப்ரண்டிஸ்கள். பஞ்சைக் கொட்டி நூலை எடுக்கும் வேலையைக் கற்க மூன்று ஆண்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நடுவில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பியவள் அந்த மொத்தத் தொகையை இழந்தாள். அது வேறு யாருடைய பணமும் இல்லை, மாதாமாதம் அவள் கூலியிலிருந்தே பிடித்து வைக்கப்பட்டதுதான். நிரந்தரத் தொழிலாளிக்குத் தர வேண்டியதைத் தராமலிருக்க உதவிய அந்தச் சொல்லின் மேல் எனக்கு இன்றும் சந்தேகம் போகவில்லை. குளிரூட்டிய அலுவலகத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் இன்டர்னும் ஸ்பின்னிங் மில்லில் நின்ற அப்ரண்டிஸும் ஒன்றல்ல. படும் துன்பத்தில் இருவருக்கும் ஒப்பீடே கிடையாது. ஆனால் இருவரின் உழைப்பையும் கணக்கிலிருந்து மறைக்கும் சொல் ஒன்றுதான்.

இனி எங்கள் ஊர்க் கணக்குக்கு வருகிறேன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26இல். மேற்கே கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி ஏறினால் கல்வராயன் மலை. கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, தாலுகா தலைமையிடமான வெள்ளிமலை. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். (கேரளத்தவர் என்று நினைத்துக்கொள்ளும் நகரத்து நண்பர்களுக்கு: இந்தப் பெயர் மலையிலிருந்து வந்தது, தாய்மொழி தமிழ்.) அங்கிருந்து உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே இறங்கிக் கல்லூரிக்கு வரும் பெண்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிரண்டு பேராவது என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களில் பி.காம் இரண்டாம் ஆண்டு முடித்த ஒருத்திக்குச் சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்றரை மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. டேலியில் பதிவது, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குப் பில்களைப் பிரித்து அடுக்குவது. ஸ்டைபண்ட் கிடையாது. சான்றிதழ் உண்டு. வழக்கமான கேள்வியோடு வந்தாள். இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம்.

சென்னையில் சாப்பாட்டோடு சேர்த்து மாதம் ஆறாயிரம் ஏழாயிரத்துக்குக் குறைவாகப் பெண்கள் விடுதி கிடைப்பது அரிது. ஒன்றரை மாதத்துக்குப் பத்தாயிரம் என்று வைத்துக்கொண்டோம். பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில்தான், கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை போகும் வண்டியில் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அதாவது பத்து மாதப் பணம் அந்த ஒன்றரை மாத விடுதிக்கே போய்விடும். அடுத்து, அவள் போகாமல் ஊரிலேயே இருந்தால் என்ன வரும்? 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். வாரம் ஆறு நாள் வீதம் ஆறு வாரத்துக்கு 36 நாள், 12,096 ரூபாய். முழு நாளும் வேலை கிடைக்காது, முழுக் கூலியும் கைக்கு வராது என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் மரவள்ளிக் காட்டுக்குப் போனாலும், புளி தட்டப் போனாலும் ஏதோ ஒன்று வரும். இரண்டையும் கூட்டினால், ஸ்டைபண்ட் இல்லாத அந்தப் பயிற்சியின் விலை ஏறக்குறைய 22,000 ரூபாய். சென்னையில் அப்பா அம்மா வீட்டிலிருந்து மெட்ரோ ரயிலில் வந்துபோகும் ஒரு மாணவிக்கு அதே இருக்கையின் விலை மதியச் சாப்பாட்டுக் காசுதான்.

தாளின் அடியில் கோடு போட்டு முடித்துவிட்டோம். ஆனால் எழுதாமல் விட்ட ஒரு வரி இருந்தது என்பது, அவளுடைய அம்மாவிடம் பேசியபோதுதான் தெரிந்தது. மகளைப் பட்டணம் அனுப்பத் தயங்குவார் என்று எதிர்பார்த்துத்தான் போனில் பேசினேன். அவர் தயங்கவே இல்லை. “போவட்டும் டீச்சர். படிக்கிற புள்ள. தண்ணிக்கும் ஆட்டுக்கும் சின்னவ இருக்கா.”

சின்னவள் எட்டாம் வகுப்பு. விடுதியிலிருந்து கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் பிள்ளை. அந்த வீட்டில் ஓர் அண்ணனும் இருக்கிறான். அவனுக்கும் அது விடுமுறைதான். அம்மாவின் வாக்கியத்தில் அவன் வரவில்லை. அவர் வேண்டுமென்றே விட்டுவிடவும் இல்லை. தண்ணீரையும் ஆட்டையும் பற்றி யோசிக்கும்போது அந்தப் பெயர் மனதில் தோன்றவே தோன்றாது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் ‘வொர்த்தா’ என்ற கேள்வி எனக்கு வெறும் லாப நஷ்டக் கணக்காக இல்லாமல் போனது. ஒரு நிறுவனம் ஒரு பெண்ணை ஊதியமில்லாமல் எடுத்துக்கொள்ளும்போது, அவளைச் சோறு போட்டு, துணி துவைத்து, காசு புரட்டி அனுப்பிவைப்பது ஒரு குடும்பம். குடும்பம் என்றால் பெரும்பாலும் அதிலுள்ள இன்னொரு பெண். நகரத்து வீட்டில் அது நான்கரை மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டும் அம்மா. வெள்ளிமலைப் பக்கத்து வீட்டில் அது குடம் தூக்கும் தங்கை. அலுவலகத்தின் கணக்குப் புத்தகத்தில் அந்த இன்டர்னுக்கு எதிரே பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை நிரப்பிக்கொண்டிருப்பது பதிமூன்று வயதுப் பிள்ளையின் கோடை விடுமுறை. ஒரு பெண்ணின் முன்னேற்றத்துக்கு இன்னொரு பெண்ணின் விடுமுறையை எடுத்துச் செலவு செய்யலாமா?

இந்தக் கேள்வியை மூத்தவளின் தோளில் ஏற்றக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. ஏனென்றால் குற்றவுணர்வு என்பது நம் பெண்களை வீட்டில் நிறுத்திவைப்பதற்கு நூற்றாண்டுகளாக நன்றாக வேலை செய்துவரும் பூட்டு. அம்மாவுக்குக் கஷ்டம், தங்கைக்குக் கஷ்டம், பாட்டிக்கு யார் மருந்து கொடுப்பது என்று எண்ணியெண்ணியே எத்தனை பேர் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தங்கையின் மேல் இரக்கப்பட்டு அக்காவை நிறுத்தினால் அடுத்த ஆண்டு தங்கையையும் அதே காரணத்துக்காக நிறுத்தலாம். கேள்வி போய்ச் சேர வேண்டிய முகவரிகள் இரண்டு. ஒன்று, உழைப்பை வாங்கிக்கொண்டு ஊதியம் தராத அலுவலகம். இன்னொன்று, திண்ணையில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன்.

அலுவலகங்கள் சொல்லும் பதில் நமக்குத் தெரிந்ததுதான்: “நாங்க கட்டாயப்படுத்தலையே, விருப்பம் இருந்தா வரட்டும்.” விருப்பம் என்ற சொல்லைப் பற்றி இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 1982இல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லியிருக்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டுமான வேலை செய்த தொழிலாளர்களுக்காக மக்கள் ஜனநாயக உரிமை அமைப்பான பி.யு.டி.ஆர். தொடுத்த வழக்கு அது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்பது அடித்து உதைத்து வாங்கும் வேலை மட்டுமல்ல. வறுமையும் வேறு வழியின்மையும்கூடக் கட்டாயம்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலைக்கு ஒப்புக்கொண்டால் அது தானாக விரும்பி ஒப்புக்கொண்டதாகாது என்றது தீர்ப்பு. கல்லூரி மாணவியின் பயிற்சியைக் கொத்தடிமை முறை என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னால் அது உண்மையான கொத்தடிமைகளை அவமதிப்பது. ஆனால் மதிப்பெண்ணுக்கு அது வேண்டும், வேலைக்கு விண்ணப்பிக்க அது வேண்டும் என்று எல்லாக் கதவையும் அந்தத் தாளால் பூட்டிவைத்த பிறகு, ‘விருப்பம் இருந்தால் வா’ என்பதில் விருப்பம் எவ்வளவு மிச்சமிருக்கிறது?

கல்வராயன் மலையில் இந்தக் கேள்விக்கு நீண்ட நினைவு உண்டு. மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. நாடு விடுதலையடைந்து ஒரு தலைமுறை கடந்து, 1976இல்தான் அரசு அதை முழுமையாக எடுத்துக்கொண்டது. அதுவரை ஜாகிர்தார்களுக்குக் கொத்தடிமைகளாக உழைத்த மக்கள் அவர்கள். வாக்குரிமை கைக்கு வந்தது 1996இல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராய மரணங்கள் அறுபதைத் தாண்டிய பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது. சாலை இல்லை, ஆஸ்பத்திரி தூரம் என்று செய்தித்தாள்கள் அப்போது எழுதின. நான் சொல்லும் மாணவி 1976க்குப் பிறகு பிறந்த பெற்றோரின் பிள்ளை. கூலி கேட்பது தப்பில்லை என்பதை அந்தக் குடும்பம் கற்றுக்கொண்டே இன்னும் இரண்டு தலைமுறை முழுதாக ஆகவில்லை. அவளிடம் போய், “ஸ்டைபண்ட் எல்லாம் கேட்காதே, அனுபவம்தான் முக்கியம்” என்று அறிவுரை சொல்ல எந்த ஆசிரியைக்கும் நா எழக் கூடாது. அறிவுரை சொல்பவர்களில் பலர் என் சக ஆசிரியர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சரி, அனுபவம் முக்கியமில்லையா? முக்கியம்தான். இதை மறுத்துப் பேசும் புரட்சிகரக் குரல்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊதியமில்லாப் பயிற்சியை எல்லாரும் புறக்கணியுங்கள் என்று மேடையில் சொல்வது எளிது. சொல்கிறவருக்குப் பெரும்பாலும் ஒரு மாமா ஐ.டி. நிறுவனத்தில் இருப்பார். மலையிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இன்டர்ன்ஷிப் தருவது டேலி அறிவை அல்ல. டேலியைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டரிலேயே கற்கலாம். ஓர் அலுவலகம் எப்படி மூச்சுவிடுகிறது என்பதைத்தான் அங்கே பார்க்கிறாள். மேலாளரிடம் எப்போது பேசலாம், மின்னஞ்சலில் முதல் வரி என்ன, தெரியாததைத் தெரியாது என்று எந்தக் குரலில் சொல்வது, பக்கத்து மேசைப் பெண் எந்தக் கல்லூரி, அவளுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது. வசதியான வீட்டுப் பிள்ளை இவற்றைச் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளர்கிறது. இவளுக்கு அதைக் கேட்க வேறு இடம் கிடையாது. அதனால்தான் இவளிடம் போகாதே என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. இவளுக்குத்தான் அது அதிகம் தேவை, இவளுக்குத்தான் அது அதிக விலை. அநீதி இருப்பது இந்த இரண்டும் ஒரே ஆளின் தலையில் விழுவதில்.

தராமல் முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. அதே ஆடிட்டர் அலுவலகத்தில் சி.ஏ. படித்துக்கொண்டே ஆர்ட்டிகிள் பயிற்சியில் இருக்கும் பையனுக்குக் குறைந்தபட்ச ஸ்டைபண்ட் தர வேண்டும் என்று பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் விதி இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு எடுக்கப்படுபவருக்கும் உதவித்தொகை கட்டாயம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன்படி, ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு ஆண் பெண் பேதமின்றிச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் சீனியர்கள் தர வேண்டும் என்றானது. ‘கற்றுக்கொள்ளத்தானே வருகிறார்கள்’ என்ற வாதத்தை அத்தனை காலம் அசையாமல் வைத்திருந்த தொழில் அது. ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்திலும் மாதம் 5,000 ரூபாய் உண்டு. ஆனால் அது 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு, முழு ஓராண்டுக்கு. கல்லூரிப் படிப்பின் நடுவில் இருக்கும் பெண்ணுக்குப் பயனில்லை. ஆக விதி இருக்கும் இடத்தில் பணம் வருகிறது. கோடை இன்டர்ன்ஷிப்புக்கு விதி இல்லை, அதனால் பணமும் இல்லை. ‘முடியாது’ என்பதற்கும் ‘யாரும் கேட்கவில்லை’ என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

கேட்க வேண்டியவர் யார்? இதில் என் கருத்து சிலருக்குக் கசக்கலாம். இலவசமாக வேலை செய்ய முடிகிறவர்தான் முதலில் கேட்க வேண்டும். சென்னையில் வீடு இருக்கிற, இழப்பதற்கு அதிகமில்லாத மாணவி ‘எனக்குப் பணம் முக்கியமில்லை சார்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த இருக்கையின் விலையை அவள் தீர்மானித்துவிடுகிறாள். அடுத்து வருபவள் கேட்டால் பேராசைக்காரி ஆகிறாள். 2015 ஆகஸ்ட்டில், ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகத்தில் ஊதியமில்லா இன்டர்னாக இருந்த டேவிட் ஹைட் என்ற நியூசிலாந்து இளைஞர் ஏரிக்கரைப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த செய்தி உலகம் முழுக்கப் பரவியது. விஷயத்தை எல்லாருக்கும் தெரியவைக்கவே அப்படிச் செய்ததாகப் பிறகு அவரே சொன்னார். நல்ல காரியம். ஆனால் அதைச் செய்ய ஓர் ஆண் உடல் தேவைப்பட்டது. மெரினாவில் கூடாரம் போட்டுப் படுத்துக்கொண்டு நியாயம் கேட்க எந்தப் பெண் இன்டர்னாலும் முடியாது. அவளுக்குச் சென்னை என்றாலே முதல் செலவு, பூட்டக்கூடிய ஒரு கதவு.

அந்தக் கதவைப் பற்றிய பேச்சு வந்ததால், ஒரு சட்டத்தை ஒவ்வொரு மாணவியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ‘பணியாளர்’ என்ற சொல்லுக்குள் பயிற்சியாளரையும் அப்ரண்டிஸையும், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், சேர்த்தே வைத்திருக்கிறது. இந்தச் சட்டத்தின் வேர் 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பில். அந்தத் தீர்ப்பின் பின்னால் இருப்பவர் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கும்பல் வன்கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவி. அவரும் மதிப்பூதியத்துக்கு வேலை செய்த பெண்தான், சம்பளத்துக்கு அல்ல. கூலி தராதபோதும் நீ தொழிலாளிதான் என்று சொல்லும் மிகச் சில சட்டங்களில் இது ஒன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய அலுவலகமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. போகும் முன்பே, “உங்க ஆபீஸ்ல கமிட்டி இருக்கா மேடம்?” என்று கேட்டுப் பாருங்கள். பதிலைவிட, பதில் சொல்லும்போது அவர்கள் முகம் போகும் போக்கில் நிறையத் தெரிந்துவிடும்.

முடிவெடுக்கும் மாணவியிடம் நான் கேட்கச் சொல்லும் மற்ற கேள்விகளும் இப்படிச் சின்னவைதான். என்ன வேலை என்று எழுத்தில் தருவார்களா? எனக்கு வேலை சொல்லித்தரப்போகிற ஆளின் பெயர் என்ன? நான் வராவிட்டால் இந்த வேலையைச் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்துச் செய்வார்களா? செய்வார்கள் என்றால் அது பயிற்சி இல்லை, சம்பளம் மிச்சம் பிடிப்பது. பாதியில் வரவேண்டியிருந்தால் வரவிடுவார்களா? போன ஆண்டு போனவளின் போன் நம்பர் கிடைக்குமா? இதில் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பெரும்பாலும் உண்மையானது. பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப், பணம் கட்டினால் சான்றிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளுக்கு எந்தக் கேள்வியும் தேவையில்லை, அழித்துவிடலாம். வீட்டிலிருந்தே ஆன்லைனில் செய்யலாமே என்பவர்கள் சேராப்பட்டில் ஒரு மணி நேரம் சிக்னல் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. அது அலுவலகத்தில் கேட்பதைவிடக் கடினம். நான் இல்லாதபோது என் வேலையை யார் செய்வார்கள்? அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். அவள் அதைக் கேட்டாள். வீட்டில் இரண்டு நாள் பேச்சு நின்றுபோனதாம். “ஆம்பளப் புள்ளய தண்ணி தூக்கச் சொல்றதுக்கா காலேஜுக்கு அனுப்புனோம்” என்று பாட்டி கேட்டிருக்கிறார். அண்ணன் தண்ணீர் எடுக்க ஒப்புக்கொண்டான், பொழுது விடிவதற்கு முன்னால், யாரும் பார்க்காத நேரத்தில். ஆட்டை மேய்க்க மாட்டேன் என்றுவிட்டான். ஆடு சின்னவளிடமே இருந்தது. சென்னை அலுவலகத்துக்கு அவள் மின்னஞ்சல் எழுதினாள், தங்குமிடச் செலவில் பாதியாவது தர இயலுமா என்று. எங்களிடம் அந்த வழக்கம் இல்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. அவள் போகவில்லை. கள்ளக்குறிச்சியிலேயே வரி ஆலோசகர் ஒருவரிடம், வாரத்துக்கு நான்கு நாள், பஸ் காசும் கையில் கொஞ்சம் பணமும் என்று பேசி முடித்துக்கொண்டாள். சென்னைச் சான்றிதழின் எடை இந்தச் சான்றிதழுக்கு இல்லை. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் அதைப் படிக்கும் விதத்தில் அது தெரியும். நல்ல முடிவெடுத்தாள் என்று முதுகில் தட்டி அந்த நஷ்டத்தை மறைக்க எனக்கு மனமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு என்பது மட்டும் உண்மை.

கல்லூரிகள் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. உள்ளூரிலேயே அரிசி ஆலைகள், கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், வங்கிக் கிளைகள், மாவட்ட அலுவலகங்கள், 2022இல் திறந்த மருத்துவக் கல்லூரி எல்லாம் இருக்கும்போது மாணவியைத் தனியாக நகரத்தில் இடம் தேடவிடாமல் நாமே பேசி இடம் வாங்கலாம். சென்னைக்குப் போகிறவளுக்கு அரசின் தோழி விடுதிகளில் குறுகிய காலத்துக்கு இடம் கேட்டுத் துறைத்தலைவர் ஒரு கடிதம் எழுதலாம். ஸ்டைபண்ட் தராத நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு மாணவர்களை அனுப்புவதில்லை என்று நான்கு கல்லூரிகள் சேர்ந்து சொன்னால் அந்த ‘வழக்கம்’ எத்தனை நாள் நிற்கும் என்று பார்க்கலாம்.

எங்கள் துறையின் பயிற்சி அறிக்கைப் படிவத்தில் நிறுவனத்தின் பெயர், நாட்கள், கற்ற திறன்கள், மேலாளர் கையொப்பம் என்று கட்டங்கள் இருந்தன. இந்த ஆண்டு இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறோம். பெற்ற உதவித்தொகை எவ்வளவு? பயிற்சிக் காலத்தில் வீட்டில் உங்கள் வேலையைச் செய்தவர் யார்? இரண்டாவது கேள்வி எதற்கு என்று ஓர் ஆசிரியர் துறைக் கூட்டத்தில் கேட்டார். மாணவர்கள் நிரப்பித் தரட்டும் சார், பிறகு பேசலாம் என்றேன். ஜூலையில் தாள்கள் வரும்.